பிசிறு என்று நினைத்தேன்

என் மனைவி புஷ்பா என்னை அறைந்தது வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான். அன்றைக்குத்தான் என் நாக்கில் புற்றுநோய் திரும்பி வந்திருப்பது எங்கள் வீட்டுக்குத் தெரிந்தது. குளியலறைக் கண்ணாடி முன்னால் வாயைப் பிளந்துகொண்டு, ஊசி அரத்தால் என் கடைவாய்ப் பல்லை அராவிக்கொண்டிருந்தேன். வாஷ்பேசினில் ரத்தமும் எச்சிலும் கலந்து கிடந்தன. தாழ்ப்பாள் போட மறந்துவிட்டேன்.

"இன்னா பண்ணிகினு கீற?" என்றாள்.

"பல்லு குத்துது. போடி வெளிய."

போகவில்லை. என் தாடையைப் பிடித்துக் குழல் விளக்குப் பக்கம் திருப்பினாள். நாக்கின் வலது ஓரத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு பள்ளம். அதைப் பார்த்ததும் கையை ஓங்கி விட்டாள் ஒன்று. அரம் தெறித்துப் போய்க் கக்கூஸ் ஓரத்தில் விழுந்தது. நானும் திருப்பி அடித்தேன். இரண்டு பேரும் அந்த ஈரத் தரையில் நின்று ஒருவரையொருவர் அடித்துக்கொண்டோம். கல்லூரிக்குக் கிளம்பிய மகள் ஷீலா ஓடி வந்து நடுவில் நிற்க வேண்டியதாயிற்று.

என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. நான் செய்த முட்டாள்தனத்தை இன்னொருவன் செய்யக்கூடாது, அவ்வளவுதான்.

நான் ஜெயசீலன். என் அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். நான் பொம்மசந்திராவில் ஒரு பிரஸ் ஷாப்பில் டூல் ரூம் ஃபிட்டர். இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்து, கார்களுக்கான துண்டுகள் செய்யும் இடம் அது. அச்சுகளைப் பழுது பார்ப்பது என் வேலை. தகடு வெட்டுப்படும் இடத்தில் ஓரம் கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். அதற்குப் பிசிறு என்று பெயர். பிசிறு கையைக் கிழிக்கும். அரத்தால் நான்கு இழு இழுத்தால் போய்விடும். இருபத்தைந்து வருஷமாக நான் செய்தது அதைத்தான்.

ஷாப்புக்குள் பீடி சிகரெட் கூடாது, எண்ணெய் பற்றிக்கொள்ளும். அதனால் எங்களில் பாதிப் பேருக்குப் பாக்கெட் புகையிலைதான். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கோரத்தில் ஒதுக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரம் ஓடும். தரையில் துப்பினால் மெமோ கொடுப்பார்கள் என்று சாற்றை விழுங்கப் பழகினோம். ஒரு ஷிஃப்டுக்கு ஐந்து பாக்கெட் என் கணக்கு.

வாய்க்கும் நான் பேர் போனவன். பிரஸ் சத்தத்தையும் மீறி என் வசவு கேட்கும் என்பார்கள். சூப்பர்வைசர், மானேஜர் எவனையும் விட்டதில்லை. யூனியனில் பேச்சு வார்த்தை என்றால் என்னைத்தான் முன்னால் தள்ளுவார்கள். ஷாப்பில் அதற்குக் கைதட்டு கிடைத்தது. அதே வாயை அப்படியே வீட்டுக்கும் கொண்டு போனேன், அங்கே கைதட்ட யாரும் இல்லை.

முதல் தடவை நாக்கில் வந்தது கொட்டைப்பாக்கு அளவுகூட இல்லை. ஆறாத புண் என்று இ.எஸ்.ஐ.யில் காட்ட, அவர்கள் ஒரு பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே மரத்துப்போக ஊசி போட்டு, புண்ணிலிருந்து ஒரு துணுக்குச் சதையைக் கிள்ளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பயாப்ஸி என்பது இவ்வளவுதான். ஒரு வாரம் கழித்து அறுவை டாக்டர் ஷைலஜா எங்களைக் கூப்பிட்டார்.

"நோடி, இங்க பாருங்க ஜெயசீலன் அவரே, இது கேன்சர். சின்னதாத்தான் இருக்கு. நாக்கோட ஓரத்த மட்டும் வெட்டி எடுத்துடலாம். கழுத்துல இருக்கற நெறிக்கட்டியும் எடுத்துடணும். ரெண்டு மாசத்துல வேலைக்குப் போகலாம்."

நாக்கை வெட்டுவது என்ற சொல் காதில் விழுந்த பிறகு மற்றது எதுவும் விழவில்லை. நாற்காலியைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்தேன். ஒரு பெண் டாக்டரைப் பார்த்துச் சொல்லக்கூடாததையெல்லாம் சொன்னேன். காவலாளிகள் இரண்டு பேர் என்னை இழுத்து வெளியே விட்டார்கள். புஷ்பா உள்ளே நின்று கைகூப்பியது கதவு மூடும்வரை தெரிந்தது.

கத்தி வேண்டாம், கரண்டு போதும் என்று முடிவு செய்தேன். கரண்டு என்று எங்கள் பக்கத்தில் சொல்வது கதிர்வீச்சைத்தான். வேறொரு இடத்தில் கேட்டேன். "வாய்க்குள் வரும் புற்றுக்கு முதலில் கத்திதான் நல்லது, நீங்கள் ஒப்புக்கொள்ளவே மாட்டீர்கள் என்றால் மருந்தும் கரண்டும் சேர்த்துத் தருகிறோம், திரும்பி வரும் ஆபத்து உண்டு" என்று அவர்களும் எழுதி வாங்கிக்கொண்டுதான் ஆரம்பித்தார்கள். ஆறரை வாரம், வாரத்துக்கு ஐந்து நாள். வாரம் ஒரு நாள் கையில் ஊசி ஏற்றி மருந்து.

கரண்டு வலிக்காது என்பது முதல் இரண்டு வாரத்துக்குத்தான் உண்மை. வலை போட்ட பிளாஸ்டிக் தகட்டை வெந்நீரில் இளக்கி முகத்தின்மேல் அழுத்தி அச்சு எடுத்தார்கள். தினமும் அந்த முகமூடியை மாட்டி, தலையை மேஜையோடு சேர்த்துப் பூட்டிவிட்டு எல்லோரும் வெளியே போய்விடுவார்கள். அசைய முடியாது, கத்த முடியாது. ஆயிரக்கணக்கான அச்சைப் பழுது பார்த்தவனை அச்சுக்குள் போட்டு அடைத்தார்கள். மூன்றாவது வாரத்தில் வாய் முழுக்கத் தோல் உரிந்தது. எச்சில் வற்றியது. தண்ணீர் விழுங்குவது கண்ணாடித் தூள் விழுங்குவது போல் இருந்தது. தாளிக்கும் வாசனை வந்தாலே வெறி பிடிக்கும். ஒருநாள் ரசத்தைத் தட்டோடு புஷ்பாவின் மேல் எறிந்தேன். அவள் கழுத்தோரம் கொப்பளித்தது. அதற்குப் பிறகு அவளும் ஷீலாவும் இரண்டு மாதம் வீட்டில் தாளிக்கவே இல்லை. உப்பில்லாத பத்தியக்காரர்கள் மாதிரி தயிர்ச் சோறு தின்றார்கள்.

முடிந்த அன்று முகமூடியை நினைவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தார்கள். மருத்துவமனை வாசலிலேயே கீழே போட்டு, நொறுங்கும்வரை மிதித்தேன். மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் எதுவும் இல்லை. யார் ஜெயித்தது பார் என்று ஷாப்பில் எல்லோருக்கும் பிரியாணி போட்டேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து வாயைக் காட்டச் சொல்லியிருந்தார்கள். இரண்டு தடவை போனேன். பிறகு ஓவர்டைம் வந்தது, போகவில்லை.

ஒரு வருஷம் முடியும் சமயம் நாக்கில் அதே இடத்தில் சுருக்கென்று குத்த ஆரம்பித்தது. விரல் வைத்துத் தடவினேன். கடைவாய்ப் பல் கூராக இருந்தது. அப்பாடா, பிசிறு! புண்ணுக்குக் காரணம் கிடைத்துவிட்டது. காரணம் பல் என்றால் கேன்சர் இல்லை. டூல் ரூமிலிருந்து மெல்லிய ஊசி அரம் ஒன்றை எடுத்து வந்து, வெந்நீரில் போட்டு எடுத்து, பல்லின் ஓரத்தை மழுங்கடித்தேன். மூன்று நாள் வலி குறைந்தது. ஃபிட்டர் மூளைக்கு அது போதாதா? மறுபடி குத்தியது, மறுபடி அராவினேன். வலது பக்கம் மெல்லுவதை நிறுத்தினேன். சோற்றைப் பிசைந்து கூழாக்கி விழுங்கினேன். காது வரைக்கும் வலி ஏறியபோது காதுக்குச் சொட்டு மருந்து வாங்கினேன். இப்படியே மூன்று மாதம். கரண்டு வைத்த தாடையில் எலும்பு சுலபத்தில் ஆறாது, எங்களைக் கேட்காமல் பல்லைத் தொடாதே என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பல் பிடுங்குவதைத்தான் சொன்னார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பயம்தான் காரணம். பயத்தை ஒத்துக்கொள்ளாதவனுக்குக் கையில் அரம் கிடைத்தது.

புஷ்பா விட்ட அந்த அறைக்குப் பிறகுதான் மறுபடியும் டாக்டர் ஷைலஜாவின் அறை வாசலில் உட்கார்ந்தோம். காலை ஏழரைக்குச் சீட்டு வாங்கினால் பன்னிரண்டுக்குக் கூப்பிடுவார்கள். எதிர்வரிசையில் மூக்கில் குழாய், கழுத்தில் கட்டு, பாதித் தாடை இல்லாத முகங்கள். ஒருவன் என்னைப் பார்த்துத் தலையாட்டினான். நீயும் வந்துவிட்டாயா என்று கேட்பது போல இருந்தது. அவன் மூக்கை உடைக்க வேண்டும் போலிருந்தது.

டாக்டர் பழையதை எதுவும் பேசவில்லை. விளக்கைப் போட்டு, நாக்கைத் துணியால் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"இந்தப் பல்ல யாரு தேய்ச்சது?"

"இவருதான் டாக்டர், இரும்பு அரத்துல" என்றாள் புஷ்பா.

டாக்டர் கையுறையைக் கழற்றிக் குப்பைத் தொட்டியில் வீசினார். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அப்போதுதான்.

மறுபடி பயாப்ஸி. அதன் பிறகு பெட் ஸ்கேன். சர்க்கரை போன்ற ஒரு மருந்தை ஊசியில் ஏற்றுவார்கள். புற்று அதைப் பேராசையோடு உறிஞ்சும், படத்தில் அந்த இடம் பளிச்சென்று எரியும். என் படத்தில் நாக்கின் வலது பாதி எரிந்தது, தாடையில் ஒரு துண்டு எரிந்தது, கழுத்தில் ஒரு முடிச்சு எரிந்தது. நுரையீரல் மட்டும் இருட்டாக இருந்தது. அதுதான் நல்ல செய்தி என்றார்கள்.

"பாதி நாக்கு போகும். தாடை எலும்புல ஒரு பீஸ் போகும்" என்றார் டாக்டர். "அங்க திருப்பி கரண்டு வைக்கறது கஷ்டம். மூணு வாரத்துக்குள்ள பண்ணணும். கழுத்துல இருக்கற முடிச்சு பெரிய ரத்தக்குழாய் பக்கத்துல இருக்கு. அதப் புடிச்சிகிட்டா அப்புறம் என்னால கை வைக்க முடியாது."

"பேச வருமா?"

"வரும். ஆனா பழைய மாதிரி இல்ல. வெளியாளுக்குப் புரியறது கஷ்டம்."

எழுந்து வந்தேன். ஹெப்பகோடியில் பஸ் இறங்கியதும் வீட்டுக்குப் போகவில்லை. நான் புகையிலை வாங்கும் மஞ்சுநாத்தின் பெட்டிக்கடைக்குப் போனேன். முன்னால் தோரணமாகத் தொங்கிய பாக்கெட்டுகளைக் கொத்தாகப் பிடித்து இழுத்தேன். கம்பி அறுந்து வந்தது. மிட்டாய் பாட்டிலைத் தூக்கி ரோட்டில் அடித்தேன். அவன் வெளியே பாய்ந்து என் சட்டையைப் பிடித்தான். நான் அவன் முகத்தில் குத்தினேன், அவன் என் வாயிலேயே குத்தினான். ரத்தம் கொட்டியது. அதைப் பார்த்து அவனே பயந்து போய், என்னை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினான்.

"நானா அண்ணா உங்க வாயில திணிச்சேன்? கடை தொறக்கறதுக்கு முன்னாடியே வந்து ஷட்டர தட்டுனது யாரு?" என்றான். அவன் உதடும் கிழிந்திருந்தது.

வீட்டில் கத்தினேன். நாக்கு இல்லாமல் நான் யார்? ஊமையாகக் கிடப்பதற்குச் செத்துத் தொலைகிறேன் என்றேன். அந்த மூன்று வாரத்தில் ஒரு வாரத்தைக் கத்தியே கழித்தேன். புஷ்பா ஒருநாள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்:

"இந்த நாக்கு போனா எனக்கு இன்னா நஷ்டம்? என்னிக்காவது ஒரு நாள் அது என்னை நல்லதா ஒரு வார்த்த கூப்ட்டு கீதா? எனக்கு நாக்கு வேணாம். ஆளு வேணும். ஷீலாவுக்கு அப்பா வேணும். உனக்கு நாக்குதான் பெருசுன்னா அத வெச்சிகினு போய் சாவு."

அறுவைக்குக் கோபத்தில்தான் கையெழுத்துப் போட்டேன். அவள் மேல் உள்ள கோபம். காரணம் எதுவாக இருந்தால் என்ன, பேனா ஓடியது.

பதினோரு மணி நேரம் அறுத்தார்கள். வலது பாதி நாக்கையும் தாடைத் துண்டையும் கழுத்து முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, என் தொடையிலிருந்து ஒரு கை அகலத் தோலும் சதையும் வெட்டி, நாக்கு இருந்த இடத்தில் தைத்தார்கள். அதற்கு உயிர் இருக்க வேண்டும் என்றால் ரத்தம் ஓட வேண்டும். அதனால் தலைமுடி போன்ற நூலால் அதன் ரத்தக்குழாயைக் கழுத்துக் குழாயோடு இணைத்தார்கள். மூச்சு விடத் தொண்டையில் ஒரு துளை, சாப்பிட மூக்கில் ஒரு குழாய். விழித்தபோது என் வாய் எனக்குச் சொந்தமாக இல்லை. யாரோ ஒருவன் கனத்த செருப்பைத் திணித்து வைத்தது போல இருந்தது. கத்தினேன். தொண்டைத் துளையில் காற்று புஸ்ஸென்று போனதே தவிரச் சத்தம் வரவில்லை.

மணிக்கொரு தடவை நர்ஸ் வந்து வாய்க்குள் அந்தச் சதையை ஊசியால் குத்துவார். சிவப்பாகச் சொட்டு வந்தால் உயிரோடு இருக்கிறது. துளையில் சேரும் சளியை மெல்லிய குழாய் விட்டு உறிஞ்சுவார்கள். அந்தப் பத்து நொடி, தண்ணீரில் தலையை அமுக்கிப் பிடித்த மாதிரி இருக்கும். இரண்டாம் நாள், உறிஞ்ச வந்த ஆண் நர்ஸின் வயிற்றில் எட்டி உதைத்தேன். மூக்குக் குழாயைப் பிடுங்கி எறிந்தேன். என் இரண்டு கைகளையும் கட்டுத் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். உதை வாங்கிய பையன் மறுநாளும் வந்து, "நிதானமா மூச்சு விடுங்க அண்ணா, ஆயித்து, முடிஞ்சுது, ஆயித்து" என்று சொல்லிச் சொல்லித்தான் உறிஞ்சினான்.

ஒன்பதாம் நாள் கழுத்துத் தையல் பிரிந்தது. கரண்டு வைத்த சதை பழைய ரப்பர் மாதிரி, தையலைப் பிடித்து வைக்கும் தெம்பு அதற்கு இல்லை. வாயில் ஊறிய எச்சில் கழுத்து வழியாக வழிந்தது, நாற்றம் எனக்கே தாங்கவில்லை. தினமும் இரண்டு வேளை அந்தப் பொந்துக்குள் துணியைத் திணித்துக் கட்டினார்கள். முதல் தடவையே கத்தியை ஒப்புக்கொண்டிருந்தால் இதில் முக்கால்வாசி இருந்திருக்காது என்று டாக்டர் சொல்லவில்லை. நானேதான் ஒவ்வொரு திணிப்புக்கும் சொல்லிக்கொண்டேன்.

புஷ்பா ராகிக் கஞ்சியை வடிகட்டி, பெரிய சிரிஞ்சில் ஊற்றி, அரை மணி நேரம் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வேகமாக இறங்கினால் வாந்தி வரும். டூல் ரூமில் என்னோடு வேலை செய்யும் முனிராஜு ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தான். அவனை நான் திட்டாத நாள் கிடையாது. அவள் கை நடுங்குவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கட்டில் கம்பியை விரலால் அளந்துகொண்டு போனான். மறுநாள் ஷிஃப்ட் முடிந்து ஒரு ஸ்டீல் தாங்கி கொண்டு வந்தான். கட்டிலில் மாட்டி, சிரிஞ்சை வைத்தால் அதுவாக நிற்கும். திருகினால் உயரம் ஏறும், இறங்கும். ஓரமெல்லாம் வழவழவென்று இருந்தது. அதைத் தடவிப் பார்த்து அழுதேன். அவன் "ஏன் குரு, சரியா இல்லையா?" என்று பதறினான்.

கழுத்துப் பொந்து ஆறி, நாற்பத்தோரு நாள் கழித்து வீட்டுக்கு வந்தேன். எடுத்த சதையின் ஓரங்களில் புற்று இல்லை என்று அறிக்கை வந்தது. ஓரம் சுத்தமாக இருக்கிறது என்பார்கள். அதற்காகத்தான் இவ்வளவும். தொண்டைத் துளை மூடியதும் குரல் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. நான் ஒன்று சொன்னால் கடைக்காரன் வேறு எதையோ எடுத்துத் தருவான். ஷீலாவுக்குப் பாதி புரியும். புஷ்பாவுக்கு மட்டும் முழுக்கப் புரிந்தது. என் பேச்சுக்கு அவள்தான் வாய்.

ஏழாம் மாதம் காட்டப் போனபோது, டாக்டர் ஷைலஜா எங்களை இன்னொரு அறைக்கு அழைத்துப் போனார். ஓசூரைச் சேர்ந்த ஒரு டெம்போ டிரைவர், நாற்பது வயது இருக்கும். நாக்கோரத்தில் சின்னப் புண். பக்கத்தில் அவன் மனைவி, கையில் ஒப்புதல் படிவம். கத்தி வேண்டாம், கரண்டு போதும் என்கிறானாம்.

"இவரும் அப்படித்தான் சொன்னாரு. இவர்கிட்டயே கேளுங்க" என்றார் டாக்டர்.

அவன் என் முகத்தைப் பார்த்தான். கோணிய வாயையும், கழுத்துத் தழும்பையும், ஓரத்தில் வழிந்த எச்சிலையும் பார்த்தான். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "இப்படி உயிரோட இருக்கறதுக்கு செத்துப் போயிடலாம்" என்றான், நான் அங்கே இல்லாதது போல.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. அவன் சட்டைக் காலரைப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். நெஞ்சில் இருந்ததையெல்லாம் கத்தினேன். எச்சில் அவன் முகத்தில் தெறித்தது. அவன் மிரண்டு போய், "இன்னா சொல்றாரு? ஒண்ணும் புரியலியே" என்றான்.

"பொறம்போக்கு நாயேன்றாரு" என்றாள் புஷ்பா.

அவள் வாயில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதே கிடையாது. நான் கத்தக் கத்த, அவள் அரிசி விலை சொல்வது போல அமைதியாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"இப்ப அறுத்தா ஓரம்தான் போவும், என்னிய மாதிரி வந்தா பாதி மூஞ்சி போவும்ன்றாரு. பேமானி, உன் வீம்புக்கு உன் பொண்டாட்டி ஏன்டா தாலி அறுக்கணும்னு கேக்கறாரு. சாவறதுன்னா அவ்ளோ சுளுவுன்னு நெனச்சியாடா, மூளை கெட்ட முண்டம்ன்றாரு."

அச்சில் போட முடியாதவையும் இருந்தன. ஒன்றைக்கூட அவள் விடவில்லை. எனக்கு மூச்சு வாங்கி, கை தளர்ந்து, அவனை விட்டேன். டிரைவரின் மனைவி புஷ்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்களுக்கு ஒரு எழுத்தும் புரியல. உங்களுக்கு மட்டும் எப்படிக்கா புரியுது?"

"எல்லாம் என்னியச் சொன்ன வார்த்தைங்கதாம்மா" என்றாள் புஷ்பா. "இருபத்திரெண்டு வருசமா கேக்கறேன். புரியாம எங்க போவும்?"

அந்தப் பெண் படிவத்தை மேஜையில் விரித்து, பேனாவைப் புருஷன் விரல்களுக்கு நடுவில் செருகி, "போடு" என்றாள். அவன் போட்டான்.

வெளியே பஸ் நிறுத்தத்தில் புஷ்பாவின் பக்கத்தில் நின்றேன். அவள் கழுத்தோரத்தில் ரசம் பட்ட தழும்பு தெரிந்தது. அவளிடம் ஒன்று சொன்னேன்.

"இன்னா?" என்றாள்.

மறுபடி சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மாத்திரை வேண்டுமா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். நான் இதுவரை அவளிடம் சொல்லாத சொல் அது. சட்டைப் பையிலிருந்த மருந்துச் சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். மன்னிச்சிடு.

படித்தாள். சீட்டை நான்காக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இத எழுதிக் காட்டாத. பேசிப் பழகு" என்றாள். பஸ் வந்தது. ஏறினோம். ஹெப்பகோடி வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.